ஒயின் நூலகத்தில் மூன்று நாள்

"ஏனுங்க மாஸ்டர், மாடியில சைடு டிஷ் என்னங்க தர்றாங்க?"

போன மாதம் அவிநாசியில் ஒரு டீக்கடைக்காரர் என்னைப் பார்த்துக் கேட்ட கேள்வி இது. கடையில் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன்... வேறென்ன செய்வது?

அவரைச் சொல்லிக் குற்றமில்லை. கடைக்கு மேல் மாடியில் பெரிய போர்டு: 'ஒயின் மற்றும் வேளாண்மை நூலகம்'. நம் ஊரில் 'ஒயின்' என்று ஒரு போர்டு இருந்தால் அடுத்த வார்த்தையை யார் படிக்கிறார்கள்? நானோ மூன்று நாளாகத் தலையைக் குனிந்து, முன்னும் பின்னும் பார்த்துவிட்டு, அந்தப் படியில் ஏறிக்கொண்டிருந்தேன். அப்படி ஏறுகிறவனைப் பார்த்தால் படிக்கப் போகிறவன் மாதிரியா இருக்கும்?

நூலகத்தை நடத்துகிறவர் ஒரு பனியன் ஏற்றுமதிக்காரர். குண்டடம் பக்கம் விவசாயக் குடும்பம். சாம்பிள் காட்ட வெளிநாடு போகும்போதெல்லாம் பனியன் வாங்குகிற பையர்கள் அவரைத் திராட்சைத் தோட்டத்துக்குக் கூட்டிப்போவார்களாம். அவர் குடிக்க மாட்டார். பாட்டிலுக்குப் பதில் புத்தகமாக வாங்கி வந்திருக்கிறார். கம்பெனியை மகனிடம் கொடுத்துவிட்டு, ஒரு பக்கம் ஒயின், ஒரு பக்கம் விவசாயம் என்று மாடி முழுக்க அடுக்கிவிட்டார்.

ஐந்தாம் வகுப்போடு நின்று, வேறொரு பனியன் கம்பெனியில் துணி வெட்டுகிற கட்டிங் மாஸ்டருக்கு அங்கே என்ன வேலை?

எல்லாம் என் மனைவி ருக்மணி வைத்த கெடு. நான்கு வருஷத்துக்கு முன்னால், வாசலில் அவள் ஆசையாக வளர்த்த மல்லிகையைப் பிடுங்கிவிட்டு அங்கே பன்னீர் திராட்சைக் கொடி நட்டேன். "ரெண்டே வருஷம். கொத்துக் கொத்தாத் தொங்கும் பாரு" என்று வாக்கும் கொடுத்தேன். கொடி பந்தலை மூடியது. பக்கத்து வீட்டு மொட்டை மாடிக்கும் போனது. இலைக்குக் குறைவே இல்லை. திராட்சைதான்... ஒன்றுகூட இல்லை.

ஒரு திங்கட்கிழமை காலை ருக்மணி சொல்லிவிட்டாள்.

"வெள்ளிக்கெழம ஆளு வர்றாருங்க. வேரோட எடுத்துப்போட்டு மல்லிக வெக்கப் போறன்."

"இன்னொரு வருஷம் பார்க்கலாமே..."

"நாலு வருஷமா எலையப் பார்த்தாச்சுங்க."

எங்கள் கம்பெனியில் அந்த வாரம் ஆர்டர் இல்லை. செவ்வாய்க்கிழமை நூலகத்துக்குக் கிளம்பினேன்.

உள்ளே போனதும் ஒரு நோட்டை நீட்டினார்கள். பெயர், ஊர், படிப்பு, வந்த நோக்கம். படிப்பு என்ற இடத்தில் 'ஐந்து' என்று எறும்பு சைஸில் எழுதினேன். வந்த நோக்கத்தில் 'திராட்சை காய்க்கவில்லை' என்று எழுதியிருக்கலாம். கை வரவில்லை. 'பொது அறிவு' என்று எழுதினேன்.

நோட்டை வாங்கிப் பார்த்த நூலகர் நிமிர்ந்து, "அட, மாஸ்டர்! நல்லா இருக்கீங்களா?" என்றார்.

சாந்தாமணி! எங்கள் கம்பெனியில் செக்கிங்கில் இருந்தவர். நான் வெட்டிய பீஸில் கால் இஞ்ச் கூடக்குறைய இருந்தால் நேராக என் டேபிளுக்கே எடுத்து வந்துவிடுவார். வேலை பார்த்துக்கொண்டே தபாலில் படித்து இங்கே வந்திருக்கிறார். வேறு யாராக இருந்தாலும் திராட்சையைப் பற்றிக் கேட்டிருப்பேன் என்று நினைக்கிறேன்... இல்லை, கேட்டிருக்க மாட்டேன். கடையில் கேட்கக் கூச்சப்பட்டு வெறும் பையோடு வீடு திரும்புகிற ஆள் நான்.

கையில் அகப்பட்ட குண்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு மூலையில் உட்கார்ந்தேன். ஆங்கிலம். எனக்குத் தெரிந்த ஆங்கிலம் எல்லாம் சைஸ் சார்ட்டில் இருப்பதுதான். 'பாடி' என்ற சொல் அடிக்கடி வந்தது. அதை மட்டும் படித்துக்கொண்டு, மற்ற நேரம் படம் பார்த்தேன். எல்லாம் பாட்டில் படம்.

சுவரில் 'பேசக்கூடாது' என்று எழுதியிருந்தது. என் மாதிரி ஆட்களுக்குச் சொர்க்கம் என்றால் அதுதான். கேட்காமல் இருப்பதற்குச் சட்டமே இருக்கிறது!

புதன்கிழமையும் அதே மூலை. வியாழக்கிழமை மத்தியானம் சாந்தாமணி எதிரே வந்து உட்கார்ந்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"மாஸ்டர், தப்பா நெனச்சுக்காதீங்க. எப்ப இருந்துங்க?"

"எது?"

"இந்தப் பழக்கம்."

குனிந்து பார்த்தேன். பக்கம் முழுக்க ஒரே ஒரு பாட்டில், தங்க நிறத்தில் மின்னிக்கொண்டிருந்தது.

"எங்க சித்தப்பாவும் இப்பிடித்தானுங்க. மொதல்ல பாட்டில சும்மா பார்த்துட்டேதான் இருந்தாரு..."

"அய்யோ அம்மிணி! நான் டீயே ரெண்டு வேளைதான் குடிக்கறன்!"

பதறிப்போய், நான்கு வருஷக் கதையையும் ஒரே மூச்சில் கொட்டிவிட்டேன். நாளைக்கு ஆள் வருகிறார் என்பது வரைக்கும்.

"கவாத்துப் பண்ணுனீங்களா?"

"வருஷா வருஷம் பண்றனே."

"எத்தன வெட்டுவீங்க?"

கட்டைவிரலையும் ஆட்காட்டி விரலையும் விரித்துக் காட்டினேன். கிளை நுனியில் இரண்டு இஞ்ச் இருக்கும். சாந்தாமணி என் விரலையே பார்த்தார். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

"மாஸ்டர், அது கவாத்து இல்லீங்க. நகம் வெட்டறது."

விவசாயப் பக்கம் போய் மெலிசாக ஒரு தமிழ்ப் புத்தகம் எடுத்து வந்தார். நான் மூன்று நாளும் முதுகைச் சாய்த்து உட்கார்ந்திருந்த அலமாரியில்தான் அது இருந்தது. முற்றிய கிளையில் அடியில் நான்கு மொட்டு மட்டும் விட வேண்டுமாம். அதிலிருந்து வருகிற புதுத் தளிரில்தான் பூங்கொத்து வருமாம்.

"மிச்சம்?"

"வெட்டோணும்ங்க."

"பத்தடி இருக்குதே அம்மிணி!"

"பத்தடியும்தானுங்க. நீங்க மார்ஜின் விட்டே பழகிட்டீங்க மாஸ்டர்."

உண்மைதான். துணியில் தையலுக்கு ஒரு மார்ஜின் விடுவோம், சுருக்கத்துக்கு ஒரு மார்ஜின். கூட விட்டால் குறைத்துக்கொள்ளலாம். குறைய வெட்டிவிட்டால் ஒட்டவா முடியும்? இருபத்தைந்து வருஷம் வேலையில் என்னைக் காப்பாற்றிய இந்தப் பயம், வாசலில் ஒரு செடியை நான்கு வருஷம் காய்க்க விடவில்லை. நமக்கு நன்றாகத் தெரிந்த வேலைதான் சில நேரம் நம் கண்ணைக் கட்டிவிடுகிறது. அதைவிட வெட்கம், வாய்விட்டுக் கேட்டிருந்தால் ஐந்து நிமிஷத்தில் தெரிந்திருக்கும்.

அந்தப் பக்கத்தைப் போனில் படம் எடுத்துக்கொண்டு வீட்டுக்கு ஓடினேன். விஷயத்தைச் சொன்னேன்.

ருக்மணி இடுப்பில் கை வைத்தாள். "வெட்டோணும்னுதானுங்க நானும் சொன்னன். இதுக்கு மூணு நாள் லைப்ரரிக்குப் போனீங்களா?"

"நீ வேரோட வெட்டச் சொன்னே. இது நாலு மொட்டு விட்டு."

கத்திரியை எடுத்தேன். நூறு லேயர் துணியை மிஷினில் ஒரே இழுப்பில் வெட்டுகிற கை, பென்சில் பருமனுள்ள குச்சியில் ஒவ்வொரு மொட்டாகத் தள்ளித் தள்ளிப் போனது. ஒரு கிளையை வெட்டினேன். ருக்மணி மொட்டை எண்ணினாள்.

"ஏழு இருக்குதுங்க. கத்திரிய இங்க குடுங்க."

நான் கட்டிங் சாக்பீஸால் நான்காவது மொட்டுக்கு மேல் கோடு போட, அவள் வெட்டிக்கொண்டே போனாள். பொழுது சாய்வதற்குள் பந்தலில் வெறும் கம்பிதான் மிச்சம்.

மறுநாள் மண்வெட்டியோடு வந்த ஆள் திகைத்துப்போனார். "ஏனுங்கக்கா, எனக்கு முன்னால வேற ஆள வுட்டு வெட்டிட்டீங்களா?"

ருக்மணி கொடியைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். "ஆடி ஒண்ணாந் தேதி வாங்க. அன்னைக்கும் இப்பிடியே நின்னா எடுத்துப்போடுங்க" என்று அனுப்பிவிட்டாள்.

பத்து நாள் ஒன்றும் இல்லை. காலையில் பல் துலக்குவதற்கு முன்பே போய்ப் பார்ப்பேன். காய்ந்த குச்சி. இந்த முறை மார்ஜினே விடாமல் கொன்றுவிட்டோமோ? பிறகு ஒரு நாள் பச்சையாகத் துளிர் எட்டிப் பார்த்தது. ஆடி பிறப்பதற்கு நான்கு நாள் இருக்கும்போது ருக்மணிதான் முதலில் பார்த்தாள். இலைக்கு எதிரே, கடுகைக் கோத்தது போல, பூங்கொத்து. மொத்தம் ஐந்து.

சொன்ன தேதியில் அந்த ஆள் வந்தார். டீ கொடுத்து அனுப்பினோம்.

இப்போது காய்கள் மிளகு அளவுகூட இல்லை. அதற்குள் ருக்மணி பங்கு பிரித்துவிட்டாள்.

"ஒரு கொத்து சாந்தாமணிக்கு. ரெண்டு கோயிலுக்கு. ஒண்ணு பக்கத்து ஊட்டுக்கு, நாலு வருஷமா அவங்க மாடியிலதான எலைக் குப்பை போட்டோம். வெட்டுன கூலிக்கு ஒண்ணு எனக்கு."

"எனக்கு?"

"நீங்கதான் புஸ்தகத்துலயே பார்த்துட்டீங்களே. இதையும் பாருங்க."

பார்த்துக்கொண்டிருக்கிறேன்.