ஒரு மூடி நானோ, நாவுலயில் மூன்று தொட்டி சாவு

மக்களே, பெரிய சேதி, நாவுலயில் மீன் வளர்க்கும் றிஸ்வான் நானாவின் நாலாவது தொட்டி தப்பிவிட்டது, காப்பாற்றியது தயிர்க் கப்பில் நீந்திய தண்ணீர்ப்பூச்சிகள்!

மூச்சு வாங்கிவிட்டு ஒழுங்காகச் சொல்கிறேன். தண்ணீர்ப்பூச்சி கடுகை விடச் சின்னது, மீன்குஞ்சுகளுக்கு அதுதான் பிரியாணி. நம் மீன் வளர்ப்புக் குழுவில் பாதிப் பேர் அதை எடுத்துப்போவது நானா பூச்சி மட்டும் வளர்க்கும் நாலாவது தொட்டியிலிருந்துதான். சனிக்கிழமை அவர் குழுவில் எழுதினார்: மூன்று தொட்டி கப்பி மீனும் செத்துவிட்டது, பூச்சிதான் நோயைக் கொண்டுவந்தது என்கிறார் என்னிடம் மீன் வாங்குபவர், நாளைக்கு நாலாவதுக்கும் குளோரின் போடுகிறேன். எனக்குத் தூக்கம் போய்விட்டது.

ஞாயிறு காலை 6.45க்கு மாத்தளையில் தம்புள்ளை பஸ். 24 கிலோமீட்டர், ஒரு மணிநேரம், 130 ரூபாய். நாவுல டவுனிலிருந்து ஆட்டோவில் இரண்டரை கிலோமீட்டர், 300 ரூபாய்.

"வெறும் போத்தலோட எங்க தங்கச்சி? தேன் வாங்கவா?" என்றார் ஓட்டுநர்.

"பூச்சி எடுக்க அண்ணே."

"நம்ம வீட்டுக்கு வாங்க, சும்மாவே அள்ளித் தர்றேன்!"

போய் இறங்கும்போது நானா குளோரின் பையைப் பிரித்துவிட்டிருந்தார். நான் கத்திய கத்தலில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. நானாவின் மனைவியை நான் ராத்தா என்பேன். அவர்தான் பையைப் பிடுங்கினார். "புள்ள மாத்தளையில இருந்து வந்திருக்கா. ரெண்டு மணித்தியாலம் பொறுங்களேன்!"

செத்த தொட்டிகளில் கடைசியாக என்ன ஊற்றினீர்கள் என்று கேட்டேன். பாசி போக ஒரு மருந்தாம், டவுன் கடையில் வாங்கியது. போத்தலில் கொட்டை எழுத்தில் 'இயற்கைத் தாது, முற்றிலும் பாதுகாப்பானது'. பின்பக்கம், பூதக்கண்ணாடி வேண்டிய எழுத்தில், ஆங்கிலத்தில் மட்டும்: நானோ கொப்பர் ஒக்சைட், அதாவது செம்பு ஒக்சைடின் மிக நுண்ணிய துகள். மீனைப் பற்றி ஒரு வரி இல்லை. நாலாவது தொட்டியில் ஊற்றவில்லை, ஏனென்றால் அங்கே பாசிதான் பூச்சிகளுக்குச் சாப்பாடு. நாலுக்கும் ஒரே கிணற்றுத் தண்ணீர்.

இரண்டு தயிர்க் கப் கழுவினோம். இரண்டிலும் நாலாவது தொட்டித் தண்ணீரும் அதே பூச்சிகளும். ஒன்றில் மட்டும் கடைக்காரர் சொன்ன அளவில், வாளிக்கு ஒரு மூடி வீதம், மருந்து கலந்தோம். அப்போது 8.40. பதினொரு மணிக்கு ஒரு கப்பில் குதிக்கின்றன, மற்றதில் எல்லாம் அடியில் கிடக்கின்றன. நானா இரண்டு கப்பையும் மாறி மாறிப் பார்த்தார். "நானே என் கையால..." என்றபடி கப்புகளைக் கையில் எடுத்தார்.

கப்புகளோடு நேரே கடைக்குப் போனோம்.

"இத நானே ஒரு மூடி குடிச்சுக் காட்டினேன் தங்கச்சி. எனக்கு என்ன ஆச்சு?" என்றார் முதலாளி.

"நீங்க ராத்திரி பகலா அந்தத் தண்ணிக்குள்ளயா இருக்கீங்க முதலாளி? செவுளால மூச்சு விடுறீங்களா?"

கடையில் நின்ற இருவர் சிரித்தார்கள். முதலாளி சிரிக்கவில்லை. "கம்பனிக்காரங்கள்ட்ட கேளுங்க," என்று போத்தல்களை எடுத்து மேல் தட்டில் வைத்தார். மேல் தட்டில்! விற்பதை நிறுத்தவில்லை, கண்ணுக்கு மறைத்தார், அவ்வளவுதான்.

ஒன்று நேர்மையாகச் சொல்ல வேண்டும். இது ஆய்வுகூடச் சோதனை இல்லை. துகள் கொன்றதா, அதிலிருந்து கரைந்த செம்பு கொன்றதா என்று கப்பைப் பார்த்துச் சொல்ல எனக்குத் தெரியாது. ஆனால் தண்ணீர்ப்பூச்சி தண்ணீரை வடிகட்டித்தான் சாப்பிடும், மிதப்பது எல்லாம் வயிற்றுக்குள் போகும். உலோக ஒக்சைடை அவ்வளவு பொடியாக்கினால் அது வேறு மாதிரி நடந்துகொள்ளும். இணையத்தில் தேடிய எனக்கே தெரிந்தது, விற்பவருக்குத் தெரிய வேண்டாமா? மனிதன் குடித்துக் காட்டினால் குளமும் பிழைக்குமா?

நானா குளோரின் பையைக் கட்டி வைத்துவிட்டார். 2.15 பஸ்ஸில் திரும்பினேன்.

போகிறவர்களுக்கு: காலையிலேயே போங்கள், மத்தியான வெயிலில் பூச்சி வழியிலேயே செத்துவிடும். போத்தலை முக்கால்வாசி மட்டும் நிரப்புங்கள். வெயில் கிரீம் பூசிய கையைத் தொட்டியில் விடாதீர்கள், பல கிரீம்களில் துத்தநாக ஒக்சைட் இருக்கிறது.

உங்கள் ஊரில் 'நானோ' என்று விற்கும் போத்தல்களின் பின்பக்கத்தைப் படம் எடுத்துக் கீழே போடுங்கள், இதைப் பகிருங்கள். வரும் ஞாயிறு முடிந்தவர்கள் எல்லோரும் நாவுலக்கு வாங்க. ஆளுக்கு ஒரு போத்தல் பூச்சி எடுத்துப்போய் வளருங்கள். யாராவது இன்னொரு மூடியை ஊற்றிவிட்டால், நானாவிடம் திருப்பிக் கொடுக்க நம்மில் பத்துப் பேரிடமாவது அது உயிரோடு இருக்கணும்.