ஜாஃபர் பாய் தூக்கிய எக்ஸ்ப்ளோரர்

அன்று கடையில் இருந்தவர்களைச் சொல்லிவிடுகிறேன். ஜாஃபர் பாய் — பேகம்பூரில் ஜெராக்ஸ், பத்திரிகை டிசைன் கடை வைத்திருப்பவர். பாண்டி — சேவுகம்பட்டியில் தக்காளி போடுகிறவர், மகளுக்குக் கல்யாணம். மாயாண்டி — பாண்டியின் மச்சினன், பெண்ணுக்குத் தாய்மாமன். நான் — ஆதார் ஜெராக்ஸுக்குப் போனவன்.

அப்புறம் ஒரு கம்ப்யூட்டர். திரை முழுக்கக் கறுப்பு. நடுவில் அம்புக்குறி மட்டும். ஐகான் இல்லை. கீழே பட்டையும் இல்லை.

"என்ன பாய் செஞ்சீங்க?" என்று கேட்டேன்.

"இழுத்துக்கிட்டே கெடந்துச்சுண்ணே. என்னென்ன ஓடுதுன்னு லிஸ்ட்டைத் தெறந்து பார்த்தேன். எக்ஸ்ப்ளோரர்னு ஒருத்தன் எல்லாத்துக்கும் மேல உக்காந்து தின்னுக்கிட்டு இருந்தான். யாருன்னே தெரியல. தூக்கிட்டேன்."

நியாயம்தானே? பெரிய ஆபீஸ்களிலும் இதுதான் நடக்கிறது. என்ன வேலை செய்கிறான் என்று தெரியாதவனைத்தான் முதலில் அனுப்புகிறார்கள். போன பிறகு தெரியும்... என்ன செய்தான் என்று.

பாண்டிக்கு வியர்த்தது. கல்யாணப் பத்திரிகையில் யார் பெயருக்கு மேல் யார் பெயர்? பத்திரிகையில் வரும் நாற்பத்தேழு பேரையும் அதற்கு ஒத்துக்கொள்ள வைக்க மனிதர் வீடு வீடாக நடந்திருக்கிறார். முடிவான வரிசை காலையில்தான் கம்ப்யூட்டரில் ஏறியது. வேறெங்கும் இல்லை. சாயங்காலம் பிரஸ்ஸுக்குப் போக வேண்டும்.

மாயாண்டிக்குக் கவலையே இல்லை. அவர் பெயர் பெரியப்பாக்களுக்குக் கீழே போயிருந்தது.

"அழிஞ்சா அழியட்டும் மச்சான். புதுசா அடிப்போம். என் பேரு மேல வரட்டும்."

"வாயை மூடு மாப்ள. மறுபடி அம்புட்டுப் பேரு வாசல்லயும் போய் நிக்க என்னால ஏலாது."

"அப்ப ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க பாய். எங்க வீட்டு டிவி அப்படித்தான் சரியாகும்." மாயாண்டியின் கை சுவிட்ச் பக்கம் போனது.

அதற்குள் பாய் ஆபரேட்டர் நஸ்ரினுக்கு போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்திருந்தார். குழந்தைக்கு ஊசி போட மதியமே கிளம்பிய பெண்.

"சுவிட்சைத் தொட்றாதீங்க! காலையில செஞ்ச கரெக்‌ஷன் சேவ் பண்ணல. சின்னதாக்கிக் கீழ வச்சிருக்கேன். ஆஃப் பண்ணா போச்சு."

பாண்டி போய் சுவிட்ச் போர்டை மறைத்து நின்றுகொண்டார்.

"ஃபைல் எல்லாம் உள்ளதான் இருக்கு பாய். அதை எடுத்துக் காட்டுற ஆளைத்தான் நிறுத்திட்டீங்க" என்றாள் நஸ்ரின்.

அதாவது — ஷட்டரை நாமே இறக்கிவிட்டு, சரக்கு களவு போச்சு என்று அழுதுகொண்டிருந்தோம்.

"கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப்... மூணையும் ஒண்ணா அமுக்குங்க."

ஒரே ஆள் அமுக்கலாம் என்று யாருக்கும் தோன்றவில்லை. ஆளுக்கு ஒன்று பிரித்துக்கொண்டோம். கன்ட்ரோல் பாய். ஷிஃப்ட் நான். எஸ்கேப் மாயாண்டி.

மாயாண்டி விரலை வைத்தார். அமுக்கவில்லை.

"என் பேரு?"

பாண்டி போர்டை விட்டு நகரவில்லை. குரல் மட்டும் இறங்கியது.

"ஏப்பா... நீ மாலை எடுத்துப் போடாம என் மக மணவறை ஏறுவாளா? பேப்பர்ல மேல இருந்தா என்ன, கீழ இருந்தா என்ன? அமுக்குய்யா."

மாயாண்டி சுவரைப் பார்த்துக்கொண்டே அமுக்கினார்.

லிஸ்ட் வந்தது. "புது டாஸ்க்னு இருக்கும், அதைத் தட்டுங்க. எக்ஸ்ப்ளோரர்னு அடிச்சு என்டர் குடுங்க" என்றாள் நஸ்ரின். ஒவ்வொரு எழுத்தாக அவள் சொல்ல, ஒற்றை விரலால் நான் தட்டினேன்.

"தூக்கினவனையேவா திரும்பக் கூப்பிடணும்?" என்றார் பாய்.

"அந்த வேலைக்கு வேற ஆளு இல்ல பாய்."

பட்டை வந்தது. ஐகான்கள் வந்தன. பத்திரிகையைத் திறந்ததும் முதல் வேலையாக சேவ் பண்ணச் சொன்னாள். பண்ணினோம்.

பாண்டி திரையில் விரல் வைத்து, மேலிருந்து பெயர்களை எண்ண ஆரம்பித்தார். மாயாண்டியும் சத்தமாகக் கூடவே எண்ணினார்.

நாற்பத்தேழு.