மாப்பிள்ளை வீட்டார் என்று நினைத்துவிட்டோம்

போன மாதம் ஒரு புதன்கிழமை காலை. பாடாங் செராயில் எங்கள் தாமான் குடியிருப்பே வேலைக்குப் போய்விட, தெரு வெறிச்சோடிக் கிடந்தது. நான் வாசலில் காரைக் கழுவிக்கொண்டிருந்தேன். ஒரு வெள்ளைக் கார் வந்து நின்றது.

இறங்கியது இரண்டு பேர். நாற்பது வயது மதிக்கத்தக்க ஒரு தமிழ்ப் பெண். பருத்திச் சுடிதார், சின்னப் பொட்டு. கூடவே ஒரு மலாய்க்காரர். அவர் புன்னகையோடு சரி.

"அண்ணே, பக்கத்து வீட்டு வித்யாவ தெரியும்ல? அவங்களப் பத்திக் கொஞ்சம் விசாரிக்கணும்."

"எதுக்கும்மா?"

"கவர்மென்ட் வேலைக்கு மனு போட்டிருக்காங்க. அது விஷயமாத்தான்."

ஏதோ ஓர் அட்டையையும் காட்டினார். என் மூக்குக்கண்ணாடி வீட்டுக்குள் இருந்தது. படித்துவிட்டது போலத் தலையை ஆட்டினேன்.

வேலை விஷயமாம்! வித்யாவுக்கு இருபத்தாறு வயது. பினாங்கில் ஒரு கம்பெனியில் கம்ப்யூட்டர் பாதுகாப்பு வேலை, நல்ல சம்பளம். அவள் அம்மா சரோஜா கோயில் கோயிலாக ஜாதகத்தைத் தூக்கிக்கொண்டு அலைகிறார். அப்படிப்பட்ட வீட்டைப் பற்றி விசாரிக்க ஒரு பெண்மணி வந்து நின்றால், நீங்கள் என்ன நினைப்பீர்கள்? அதையேதான் நானும் நினைத்தேன். அந்த மலாய்க்காரர்? மாப்பிள்ளையோடு வேலை செய்பவராக இருக்கும். மனசு ஒன்றை முடிவு செய்துவிட்டால் காரணத்தை அதுவே தயாரித்துக்கொள்கிறது...

உள்ளே அழைத்து உட்கார வைத்தேன். கதைகளை அவிழ்த்துவிட்டேன்.

"தங்கமான பொண்ணும்மா. வேலை விட்டா வீடு, வீடு விட்டா வேலை. தாய்லாந்து இங்க பக்கத்துலதானே இருக்கு? ஒரு தடவை எட்டிப் பார்த்திருப்பாளா? கிடையாது!"

போன வருஷம் அவள் தோழிகளோடு தாய்லாந்தின் ஹாட்யாய்க்குப் போய்விட்டு வந்தாள். வாங்கி வந்த மாம்பழ வற்றலில் பாதியைத் தின்றவன் நான். இருந்தாலும் ஒரு கல்யாண காரியம் இல்லையா?

தேநீரோடு வந்த என் மனைவி லெட்சுமி என்னையும் மிஞ்சினாள். "வேலை முடிஞ்சா கம்ப்யூட்டர் பக்கமே திரும்ப மாட்டா லா. ஹேண்ட்போன்கூடத் தொட மாட்டா. ஆம்பளப் பசங்கள நிமிர்ந்து பார்த்ததில்ல!"

தமிழ் புரியாது என்று நாங்கள் நினைத்திருந்த மலாய்க்காரருக்குத் தேநீர் புரைக்கேறியது. போகும்போது வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார்: "நான் எஸ்டேட்ல வளர்ந்தவன், அண்ணே. டீ ரொம்ப நல்லா இருந்திச்சு."

அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. ஏனென்றால், அவர்கள் நேராக எதிர்வீட்டு கேட்டைத் தட்டினார்கள். எங்களுக்குப் பகீரென்றது.

எதிர்வீடு தனத்தின் வீடு. தனத்துக்கும் வித்யாவுக்கும் ஒரு வருஷமாகப் பேச்சு இல்லை. காரணம், ஒரு கேமரா. தன் வீட்டு ஹாலில் வைத்த கேமரா ஃபோனில் தெரியவில்லை என்று வித்யாவைக் கூப்பிட்டுக் காட்டினார் தனம். அவள் சரி செய்து கொடுத்துவிட்டு, "பாஸ்வர்ட மாத்துங்க கா, இப்படியே விட்டா யார் வேணும்னாலும் உள்ள பாக்கலாம்" என்று எச்சரித்தும் போனாள். ஒரு வாரம்கூட ஆகவில்லை — தனத்தின் கணவர் சேகருக்குச் சிங்கப்பூர் வேலை போய்விட்டது, வெளியே தலைகாட்டாமல் வீட்டுக்குள்ளேயே இருக்கிறார் என்ற செய்தி தெரு முழுக்கப் பரவிவிட்டது. அதுவரை அவர் சிங்கப்பூரில் இருப்பதாகத்தான் நாங்கள் எல்லாரும் நம்பிக்கொண்டிருந்தோம்.

தனம் நடுத்தெருவில் நின்று கத்தினார். "கேமராவ பார்த்துட்டு ஊரெல்லாம் சொல்லிட்டியேடி!"

வித்யா, "நான் சொல்லல கா" என்றாள். அவ்வளவுதான். உள்ளே போய்விட்டாள். வேறு யாராக இருந்தாலும் பதிலுக்கு நாலு வார்த்தை கேட்டிருப்பார்கள்.

அந்தத் தனத்தின் வீட்டில் விசாரணை அரை மணி நேரத்துக்கு மேல் நடந்தது.

சாயங்காலம் விஷயம் கேள்விப்பட்ட சரோஜா ஓடி வந்தார். "தனம் வாயத் தொறந்தாளா? போச்சு... வர்ற சம்பந்தமும் போச்சு!"

வெள்ளிக்கிழமை இரவு வித்யா பினாங்கிலிருந்து வந்தாள். நடந்ததை ஒரு வெற்றிச் செய்தி போல அவளிடம் சொன்னேன். அவள் முகத்தில் ரத்தமே இல்லை.

"அங்கிள்... அவங்க மாப்பிள்ளை வீட்டுக்காரங்க இல்ல. நெசமாவே வேலைக்குத்தான் வந்தாங்க. நீங்க என்ன சொன்னீங்க?"

சொன்னேன். ஹேண்ட்போன் தொட மாட்டாள் என்பதுவரை. தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டாள்.

எந்த இலாகா என்று அவள் சொல்லவில்லை. நாட்டுப் பாதுகாப்பு, தகவல் திரட்டுவது, கம்ப்யூட்டர் என்று மட்டும் சொன்னாள். இந்த மூன்றையும் கூட்டிப் பார்த்தால் என்ன வரும் என்று எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும்.

"பினாங்குல குடுக்குற சம்பளம் அங்க கிடைக்குமா?" என்றேன்.

"கிடைக்காது."

"பிறகு ஏன்மா?"

பாலிங்கிலிருந்து வந்து தன்னோடு படித்த ஒரு பையனைப் பற்றிச் சொன்னாள். இணையத்தில் வேலை விளம்பரம் பார்த்துப் போனவன். எல்லைக்கு அப்பால் எங்கேயோ ஓர் அறையில் அடைத்து, ஃபோனில் ஊரை ஏமாற்றும் வேலையைச் செய்ய வைத்தார்கள். மறுத்தால் அடி. அவன் அம்மா சோறு தண்ணி இல்லாமல் கிடந்தார். கடைசியில் மீட்டு வந்தார்கள்.

"அவன் எங்க இருக்கான்னு முதல்ல கண்டுபிடிச்சவங்ககிட்ட துப்பாக்கி இல்ல, அங்கிள். எங்கயோ கம்ப்யூட்டர் முன்னாடி உட்கார்ந்திருந்த யாரோ. அந்த யாரோவா நான் இருக்கணும்."

ஒரு பெண்ணின் கனவை நல்லெண்ணத்தால் நாசம் செய்துவிட்டோமோ என்று அந்த வாரம் முழுக்க லெட்சுமியும் நானும் சரியாகச் சாப்பிடவில்லை.

இரண்டாவது நேர்முகத் தேர்வுக்கு அழைப்பு வந்தது. போய் வந்தாள். அங்கே நடந்ததில் ஒன்றே ஒன்றைத்தான் எனக்குச் சொன்னாள். "தாய்லாந்துக்குப் போனதே இல்லைன்னு உங்க பக்கத்து வீட்டுக்காரர் சொல்றாரே?" என்று கேட்டிருக்கிறார்கள்.

"நான் போயிருக்கேன். மனுவுலயும் எழுதியிருக்கேன். அங்கிள் எனக்குக் கல்யாணம் பண்ணி வைக்கப் பார்த்திருக்காரு."

அறையே சிரித்திருக்கிறது. பிறகு அவர்களில் ஒருவர் சொன்னாராம் — உங்கள் தெருவில் ஒருவர்தான் எங்களிடம் உருப்படியாகப் பேசினார் என்று.

யார் அது? பதில் பாசார் மாலாம் இரவுச் சந்தையில் கிடைத்தது. காய்கறிக் கடை ஓரத்தில் தனம் லெட்சுமியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஒரு பொண்ணோட வாழ்க்கைன்னு நினைச்சேன் கா. பொய் சொல்ல மனசு வரல. எனக்கும் அவளுக்கும் ஆகாதுன்னு முதல்லயே சொல்லிட்டேன். பிறகு எல்லாத்தையும் சொன்னேன். விஷயத்த வெளிய விட்டது வித்யா இல்ல கா, என் கொழுந்தன். அண்ணனுக்கு எங்கயாச்சும் வேலை இருக்கான்னு வாட்ஸ்அப்புல கேட்டு வச்சிருக்கான். அது எனக்கு மறுநாளே தெரியும். ஆனா நடுரோட்டுல கத்திட்டு எந்த மூஞ்சியோட அவகிட்டப் போவேன்? கேமராவுல எங்க வீட்டுக்காரர அவ பார்த்தா. பார்த்தத அவ அம்மாகிட்டகூடச் சொல்லல. நான் அத்தன பேர் முன்னால திட்டினப்பகூட, தன்னக் காப்பாத்திக்க என் குடும்பத்தப் பத்தி ஒரு வார்த்த பேசல. இத விசாரிக்க வந்த அந்தம்மாகிட்டச் சொல்லி அழுதுட்டேன் கா."

புகழ்ந்த நாங்கள் கெடுக்கப் பார்த்தோம். பகையாளி காப்பாற்றிவிட்டார்!

யோசித்துப் பாருங்கள். முன்பெல்லாம் இந்த மாதிரி இலாகாக்கள் ஆள் எடுப்பதே வெளியில் தெரியாது. இப்போது இணையத்தில் மனு வாங்குகிறார்கள். வேறு வழி? இவர்களுக்கு வேண்டிய அதே பிள்ளைகளைப் பினாங்கும் சிங்கப்பூரும் கூடுதல் சம்பளத்தோடு கூப்பிடுகின்றன. வருகிற பிள்ளைகளோ, மதியம் சாப்பிட்ட மீ கோரெங்கைக்கூடப் படம் எடுத்து ஊருக்குக் காட்டி வளர்ந்தவர்கள். அவர்களிலிருந்து வாயைத் திறக்காத ஒருவரைத் தேட வேண்டும். சுலபமா?

வித்யா எங்கே போனாள், என்ன வாங்கினாள், யாரோடு படம் எடுத்துக்கொண்டாள் என்பதெல்லாம் மெஷினுக்குத் தெரிந்திருக்கும். அவள் எதைச் சொல்லாமல் இருந்தாள் என்பது எந்த மெஷினில் பதிவாகும்? அதனால்தான் இந்தக் காலத்திலும் இரண்டு பேர் வெயிலில் இறங்கி வந்து எங்கள் தாமானில் கேட்டைத் தட்டினார்கள். எத்தனை நவீனம் வந்தாலும் இந்த வேலையில் மனிதனுக்கு இடம் இருக்கிறது என்று நான் உறுதியாகச் சொல்வேன். மனிதர்களிலும், நம்மைப் பிடிக்காத மனிதனுக்கு ரொம்பவே இடம் இருக்கிறது.

வேலை கிடைத்துவிட்டது. பயிற்சிக்குத் தலைநகர் கிளம்பிய அன்று, காரில் ஏறப்போன வித்யாவைத் தனம் தன் கேட்டில் நின்றபடி கூப்பிட்டார்.

"பொண்ணு..."

வித்யாவே தெருவைக் கடந்து போனாள். "வரேன் கா. மாமாவ கேட்டேன்னு சொல்லுங்க" என்றாள். தனம் அவள் கன்னத்தைத் தொட்டார். ஒரு வருஷச் சண்டை அரை நிமிஷத்தில் முடிந்தது.

ஒரு விஷயம் சொல்லிவிடுகிறேன். வித்யா என்பது அவள் பெயர் இல்லை. மற்றவர்கள் பெயரும் அப்படித்தான். இதை எழுதலாமா என்று கேட்டேன். எழுதியதை அனுப்பச் சொன்னாள். படித்துவிட்டு இரண்டு பத்திகளை வெட்டி எறிந்தாள். உங்களுக்குச் சுவாரசியமாக இருந்திருக்கக்கூடிய அந்த இரண்டையும்தான்!

போன வாரம் கோயிலில் சரோஜாவைப் பார்த்தேன். ஓர் அம்மாள் அவரைக் கேட்டுக்கொண்டிருந்தார். "பொண்ணு இப்ப எங்க வேலை செய்யுது?"

சரோஜாவின் உதடு துடித்தது. மகள் மூன்றாம் வகுப்பில் வாங்கிய பரிசைக்கூட இன்னமும் சொல்லித் திரிகிறவர் அவர். மூச்சை இழுத்து விட்டார்.

"கம்ப்யூட்டர் ரிப்பேர்."

"அடப் பாவமே... படிச்ச படிப்புக்கு ரிப்பேர் வேலைதான் கிடைச்சிச்சா?"

"ஆமா கா. என்ன செய்றது" என்றார் சரோஜா, முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டு.

வேலையில் சேர்ந்தது மகள். கடுமையான பயிற்சி அம்மாவுக்கு!