வந்தது எது, இருந்தது எது

மைசூர் மெஸ்ஸில் முதல் நாள், சாம்பார் ஊற்றிய அம்மாள் என் தட்டைப் பார்த்து, "சாகா?" என்றார். போதுமா என்றுதான் கேட்கிறார் என்று பக்கத்திலிருந்தவள் சொல்லும்வரை எனக்குக் கை ஓடவில்லை. திருநெல்வேலியில் சோறு போட்டுக்கொண்டே யாரும் யாரையும் சாகச் சொல்வதில்லை.

தொண்ணூறுகளின் தொடக்கம். காவிரித் தகராறு கொதித்துக்கொண்டிருந்தது. நான் அணு இயற்பியலில் ஆராய்ச்சி மாணவி. ஹைட்ரஜன் நிறைந்த மெல்லிய பிளாஸ்டிக் தகட்டின்மீது புரோட்டான்களைப் பாய்ச்சினால், அவை அங்கிருக்கும் புரோட்டான்களோடு மோதிச் சிதறும். எந்தக் கோணத்தில் எத்தனை சிதறுகின்றன என்று அளப்பதே எங்கள் வேலை. அதற்கான இரண்டு டிடெக்டர்களையும் நான்தான் செய்தேன். வெளிச்சம் புகாமல் கறுப்பு டேப் சுற்றிச் சுற்றி விரல்நுனி உரிந்தது. புரோட்டான்களை முடுக்கும் இயந்திரம் வேறு ஊரில் இருந்தது. அங்கே எங்களுக்கு நேரம் ஒதுக்கினால் நானும் போவேன் என்றே இருந்தேன்.

ஒருநாள் என் வழிகாட்டிப் பேராசிரியர் நடைவழியில் நிறுத்தி, "ஊரிகே ஹோகிபிட்தீராம்மா?" என்றார். பொங்கல் விடுமுறையைக் கேட்கிறார் என்று நினைத்து, "ஹௌது சார்" என்று தலையாட்டினேன். அந்த 'பிட்தீரா'வுக்குள் இருந்த நம்முடைய 'விடு' என் காதில் விழவில்லை. ஒரேயடியாகப் போய்விடுவீர்களா என்று கேட்டிருக்கிறார். மறுவாரம் இயந்திரத்தில் எங்களுக்கு நேரம் கிடைத்தது; என் இடத்தில் என் ஜூனியர் மகேஷ் போவதாகத் தெரிந்தது.

அவர் அறைக்குப் போய், நான் தவறாகப் புரிந்துகொண்டேன் என்றேன்.

"இரலி அம்மா. இவத்தல்ல நாளெ ஹோகோரே தானே." இருக்கட்டும், இன்றில்லாவிட்டால் நாளை போகிறவர்தானே.

கோபத்தில் எனக்குக் கன்னடம் மறந்துபோயிற்று. "சார், ரெண்டு புரோட்டான் மோதின பொறவு, வந்தது எது, இருந்தது எதுன்னு யாராலயும் சொல்ல முடியாது. நாமளே அப்படித்தானே கணக்குப் போடுதோம்? என்னைய மட்டும் எப்படி சார் பிரிக்கீங்க?"

"கன்னடதல்லி மாதாடி" என்றார், குரலை உயர்த்தாமல். கன்னடத்தில் பேசுங்கள்.

மகேஷ் போனான். என் டிடெக்டர்கள் பிசகாமல் வேலை செய்தன. வெளிவந்த ஆய்வுக் கட்டுரையின் அடியில் எனக்கு நன்றி சொல்லியிருந்தார்கள், டீ வாங்கி வந்தவருக்குச் சொல்வதுபோல. இன்றுவரை எனக்கு அது ஆறவில்லை.

மகேஷ் கிளம்பிய மாதமே நான் ஊருக்குப் போனபோது அப்பா, "மதிக்காத எடத்துல என்னட்டி வேல? இங்கயே இருந்துரு" என்றார். இருந்தால் பேராசிரியர் சொன்னது உண்மையாகிவிடும். கிளம்பிவிட்டேன்.

தமிழ்நாட்டு பஸ் எல்லையோடு நின்றுவிட்டது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்துபோய் எதிரே நின்ற மைசூர் பஸ்ஸில் ஏறினேன்.

"எல்லிந்த பந்திரி?" என்றார் கண்டக்டர். எங்கிருந்து வருகிறீர்கள்?

"மைசூரு."

"ஹோகோது மைசூரு. பந்தித்து எல்லிந்த?" போவது மைசூர், வந்தது எங்கிருந்து?

"மைசூரிந்தலே" என்றேன், அழுத்தமாக. அவர் என்னைப் பார்த்தார். பிறகு சன்னல்வழியே, என்னை இறக்கிவிட்டுத் தெற்கே திரும்பிக்கொண்டிருந்த பஸ்ஸைப் பார்த்தார்.