வார்டுக்குள் ஒரு முகவரி

சும்மா இருப்பது எனக்கு வராது. கணவர் இருந்தவரை, "உக்காரேன், நாற்காலி என்ன சுடுதா?" என்பார். போன வருடம் எங்கள் ரிச்சர்ட்ஸ் டவுன் பகுதிக்குக் கட்டட விதியை மாற்றப் போவதாக அறிவிப்பு வந்ததும் அந்தக் குணம் முற்றிப்போயிற்று. இரண்டு மாடிக்கு மேல் கூடாது என்றிருந்த தெருக்களில் இனி நான்கு மாடி கட்டலாம். ஆனால் பாதி வீடுகள் சிறியதாக, குறைந்த வாடகைக்கு இருக்க வேண்டும். எங்கள் தெருவில் வீட்டுக்காரர்கள் கூடி எதிர்ப்புக் கடிதம் எழுதினார்கள். நான் ஆதரவுக் கடிதம் எழுதினேன்.

காரணம், எங்கள் வீட்டில் பதினோரு வருடமாகச் சமைப்பவள். அரக்கோணத்துக்காரி. நடந்து வரும் தூரத்தில் ஒற்றை அறையில் மகளோடு இருந்தாள். அந்தக் கட்டடத்தை இடிக்கப் போவதால் மூன்று மாதத்தில் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். அவளுக்குக் கட்டுப்படியாகும் வாடகை ஊரின் மறுகோடியில், எலெக்ட்ரானிக் சிட்டிக்கும் அப்பால்தான் கிடைத்தது. அங்கிருந்து கிளம்பி, சிவாஜிநகரில் பஸ் மாறி, காலை ஆறரைக்கு முதல் வீட்டில் காபி போட முடியாது. நான்கு வீட்டு வேலையும் போய்விடும்.

"சட்டம் வந்து, கட்டி முடிக்கறதுக்குள்ள எனக்குப் பல்லு கொட்டிடும் ஆன்ட்டி," என்றாள். "பரவால்ல, என் பொண்ணுக்காவது ஆவட்டும்."

தோட்டத்துக் கோடியில் இருக்கும் அவுட்ஹவுஸிலிருந்து பழைய மேஜை ஒன்றை இருவருமாக இழுத்து வந்து கேட்டருகே போட்டோம். அதில் உட்கார்ந்து, இல்லை, அதைச் சுற்றிச் சுற்றி நடந்து, ஆட்களைப் பிடித்தேன். இஸ்திரிக்காரர், பிஜி விடுதியில் தங்கி வேலைக்குப் போகும் பெண்கள், வாட்ச்மேன் எல்லோரும் ஆளுக்கொரு ஆதரவுக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டார்கள். பக்கத்து வீட்டு ரிட்டயர்டு இன்ஜினியர் வந்து நின்றார்.

"தண்ணிக்கே டேங்கர் வாங்கறோம். இன்னும் நாப்பது குடும்பம் வந்தா?"

"உங்க வீட்ல அந்தத் தண்ணியத் தூக்கறவங்க எங்க இருக்கறதாம்?"

"ஊருக்கு உபதேசம் ஈஸிங்க," என்று போய்விட்டார். அந்தக் கிறிஸ்மஸுக்கு அவர் வீட்டிலிருந்து கேக் வரவில்லை. போகட்டும் என்றிருந்தேன்.

புதிய விதி பற்றிப் பொதுமக்களிடம் கருத்துக் கேட்ட நாளன்று மற்ற வீடுகளுக்கு லீவு சொல்லிவிட்டு அவளும் என்னோடு வார்டு ஆபீசுக்கு வந்தாள். கிளார்க் ஒவ்வொரு கடிதமாகப் புரட்டி ஒதுக்கி வைத்துக்கொண்டே போனார். "ஈ வார்ட் அட்ரஸ் பேக்கம்மா," என்றார் கன்னடத்தில். இந்த வார்டு முகவரி வேண்டுமாம். நான் பெருமையாக இணைத்திருந்த ஆதார் நகல்களில் அரக்கோணம், வாணியம்பாடி, ராய்ச்சூர் என்றிருந்தது. ஒருமுறைகூட நான் அதைப் பார்க்கவில்லை. தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. வாடகை ஒப்பந்தம் இருக்கிறதா என்றார். ஒற்றை அறைக்கு யார் ஒப்பந்தம் போடுகிறார்கள்? கன்னடத்தில் கத்தினேன். அவர் கோபப்படவில்லை. தன் வீட்டில் குடியிருக்கிறாள் என்று இந்த வார்டு வீட்டுக்காரர் ஒருவர் எழுதிக் கொடுத்தாலே போதும் என்றார்.

அவள் என் பக்கம் திரும்பினாள்.

"ஆன்ட்டி, நம்ம அவுட்ஹவுஸ் சும்மாதானே கெடக்கு," என்றாள் மெதுவாக. "நெஜமாவே வந்துடறேன். வாடகை குடுத்துடறேன்."

உடனே சரி என்றிருக்க வேண்டும். எதிர்வீட்டில் கேட்டிருந்தால் நானே சண்டை போட்டு வாங்கித் தந்திருப்பேன். ஆனால் எழுதிக் கொடுத்தால் பிறகு காலி செய்வாளா, கனடாவில் இருக்கும் மகன் என்ன சொல்வான், நாளைக்கு வீட்டை விற்பதென்றால் என்றெல்லாம் மனசு ஓடியது. சில விநாடிகள்தான். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"விடுங்க ஆன்ட்டி," என்று தன் கடிதத்தை எடுத்து மடித்துக்கொண்டாள். "அங்க ஈரம் எறங்குது. மனுஷங்க இருக்க முடியாது."

ஆமாம் என்று தலையாட்டினேன். அதற்கு இன்றும் வெட்கப்படுகிறேன். அன்று எங்கள் பக்கத்தில் ஏற்றுக்கொள்ளப்பட்டது என் கடிதம் ஒன்றுதான்.

அவுட்ஹவுஸில் ஈரமெல்லாம் இல்லை. அதை வாராவாரம் கூட்டியவள் அவள்தான்.