மல்லாங்கிணறு வேனுக்கு ஹாஸா, ஹேவா

ஐம்பத்திரண்டு வயதில் நான் செய்த கோட்டிக்காரத்தனத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பதினோரு பெண்களின் வேலைக்கு வேட்டு வைக்கும் கடிதம் ஒன்று என் கைக்கு வந்தது. அதில் வினைச்சொல் தப்பு என்று மேனேஜரோடு முக்கால் மணி நேரம் சண்டை போட்டேன். ஜெயித்தேன். ஜெயித்த சந்தோஷத்தில் ஆபீசில் எல்லோருக்கும் டீயும் வடையும் வாங்கிக் கொடுத்தேன். கடிதம் என்ன சொல்கிறது என்று மட்டும் பார்க்கவில்லை.

சிவகாசியில் ஒரு காலண்டர் கம்பெனியில் இங்கிலீஷ் கடிதம் அடிப்பவன் நான். பத்தாம் வகுப்பில் இங்கிலீஷில் நான் எடுத்தது நாற்பத்தொன்று. ஆனாலும் கம்பெனியில் என்னை இங்கிலீஷ் புலி என்பார்கள். மதுரையில் பழைய புத்தகக் கடையில் வாங்கிய இலக்கணப் புத்தகம் ஒன்று என்னிடம் இருக்கிறது. கரையான் தின்றது போக ஒரு பாடம் முழுதாக மிஞ்சியது. கூட்டத்தைக் குறிக்கும் சொற்களைப் பற்றிய பாடம். ஸ்டாஃப், டீம், ஃபேமிலி மாதிரியான சொல் ஒரே உடம்பாக நின்று ஒன்றைச் செய்தால் ‘ஹாஸ்’ போடலாம். உள்ளே இருக்கிற ஆட்களைத் தனித்தனியாக நினைத்தால் ‘ஹேவ்’ போட வேண்டும். வினை எப்படி நடந்தது என்று சொல்லும் சொல்லும் அதற்குத் தோதாக இருக்க வேண்டும். புலிக்குத் தெரிந்த பாய்ச்சல் இது ஒன்றுதான்.

வெளிநாட்டு ஆர்டர் ஒன்று வருவதாக இருந்தது. ஆர்டர் கொடுக்கிறவர்கள் ஆள் அனுப்பி, எல்லாம் தொழிலாளர் சம்மதத்தோடு நடக்கிறதா என்று ஃபைலைப் புரட்டுவார்கள். அந்த ஃபைலுக்காக மேனேஜர் எழுதிய வரி இது: ‘தி ஸ்டாஃப் ஹாஸ் யுனானிமஸ்லி அக்ரீட் டு தி நியூ வேன் ரூட்.’ ஊழியர் கூட்டம் புது வேன் வழிக்கு ஏகமனதாகச் சம்மதித்துவிட்டது என்று அர்த்தம். அவர் எழுதியதும் தப்பில்லை, இப்போது தெரிகிறது. அன்று ‘ஹாஸ்’ஸைப் பார்த்ததும் எனக்கு ரத்தம் சூடாகிவிட்டது. ஸ்டாஃப் என்பது நாற்பது உசுரு, அதை எப்படி ஒருமையில் சொல்லலாம் என்று பிடித்துக்கொண்டேன். ‘ஹேவ்’ போட்ட பிறகு ‘யுனானிமஸ்லி’ பொருந்தாது, ‘இண்டிவிஜுவலி’ என்றுதான் வர வேண்டும் என்று அடுத்த பாய்ச்சல்.

“அண்ணாச்சி, லோடு நிக்குது. எதையாச்சும் போட்டுத் தொலைங்க” என்றார் மேனேஜர்.

போட்டேன். ஆளுக்கு ஆள் தனித்தனியாகச் சம்மதித்தார்கள் என்று எழுதினால் தனித்தனியாகக் கையெழுத்தும் வேண்டுமே? நாற்பது பெயரையும் நானே அடித்து, ஒவ்வொன்றுக்கும் எதிரே கோடு போட்டு, பேனாவோடு கிளம்பினேன். வேனில் வராத மற்றவர்கள் பார்க்காமலே போட்டுவிட்டார்கள்.

காலண்டர் தாளுக்கு மேலேயும் கீழேயும் தகரப் பட்டை அடிக்கிற பகுதியில் பதினோரு பெண்கள். எல்லோரும் மல்லாங்கிணறு பக்கம். கம்பெனி வேன் காலை ஆறே முக்காலுக்கு, மல்லாங்கிணறுக்கு ரோடு பிரிகிற விலக்கில் அவர்களை ஏற்றிக்கொண்டு விருதுநகர் வரும். அங்கே நான் ஏறி டிரைவர் பக்கத்து சீட்டில் உட்கார்ந்துகொள்வேன். அந்தப் பதினோரு பேரில் கொஞ்சம் வாய் உள்ளவள், என்னை எப்போதும் கேலி செய்கிறவள், தாளை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“என்ன அண்ணாச்சி போட்டிருக்கீக இதுல?”

நான் இலக்கணத்திலிருந்து ஆரம்பித்தேன். உங்களை எல்லாம் ஒரு மூட்டையாகக் கட்டி எழுதியிருந்தார்கள், நான் சண்டை போட்டு அவிழ்த்துவிட்டேன் என்றேன்.

“அது கெடக்கட்டும். எதுக்குச் சம்மதம்னு கேக்கேன்.”

தமிழில் சொன்னேன். இனிமேல் வேன் விருதுநகரிலிருந்துதான் கிளம்பும், மல்லாங்கிணறுக்கு வராது, அதற்கு நீங்கள் ஒவ்வொருவரும் தனித்தனியாகச் சம்மதித்திருக்கிறீர்கள். என் வாயால் சொல்லி என் காதால் கேட்ட பிறகுதான் எனக்கே உறைத்தது. டவுன் பஸ் பிடித்து விருதுநகர் வருவதற்குள் வேன் போயிருக்கும். அடுத்த பஸ்ஸில் சிவகாசி வந்தால் ஒன்பதரை. எட்டரைக்கு மேல் வந்தால் கேட்டில் விடமாட்டார்கள். நாலு நாள் கேட்டில் நின்றால் ஐந்தாம் நாள் வேலை கிடையாது.

தகரம் அடிக்கிற சத்தம் நின்றுவிட்டது.

“நான் எப்ப அண்ணாச்சி தனித்தனியாச் சம்மதிச்சேன்?” என்றாள்.

பேனாவை எடுத்துக்கொண்டு திரும்பிவிட்டேன். பதினோரு கோடும் காலி.

மேசையில் வந்து உட்கார்ந்தபோது ஒன்று குடைந்தது. எங்கள் பக்கத்தில் மரியாதை என்றாலே பன்மைதான். மேனேஜர் ஒற்றை ஆள். அவர் படியேறினால் ‘மேனேஜர் வந்துட்டாக’. இந்தப் பதினோரு பேரும் வந்து இறங்கினால் வாட்ச்மேன் உள்ளே என்ன சொல்வார்? ‘மல்லாங்கிணறு வேன் வந்துருச்சு.’ லேட்டானால் விருதுநகரில் நின்றுகொண்டு நானும் போனில் கேட்பேன், ‘மல்லாங்கிணறு வேன் இன்னும் வரலையா?’ என்று. ஆறு வருடமாக அவர்களை ஒரு வண்டியாக்கி, அந்த வண்டியையும் அஃறிணையில் போட்டுப் பேசியவன்தான் ‘ஹாஸ்’ஸைப் பார்த்துக் கொதித்திருக்கிறேன்.

சாயங்காலம் மேனேஜர் கூப்பிட்டார். பழையபடி ‘ஹாஸ் யுனானிமஸ்லி’ என்றே மாற்றிவிடச் சொன்னார். ஒருமை என்றால் ஒரு கையெழுத்து போதும், சூப்பர்வைசர் போட்டுவிடுவார். எனக்கு நல்ல இங்கிலீஷ் தெரியாது. ஆனால் ஒரு எழுத்தைச் சுருக்கினால் நாற்பது வாய் அடைபடும் என்பது அன்றைக்குத் தெரிந்தது.

“மாத்த மாட்டேன் சார்.”

“கிராமருக்காகவா?”

“கிராமருக்காகன்னே வச்சுக்கோங்க.”

உங்களுக்கு என்ன வந்தது, உங்கள் விருதுநகர் ஸ்டாப் அப்படியேதானே இருக்கிறது என்று அவர் கேட்டார். நியாயமான கேள்வி. அந்தத் தாளை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, இதில் பதினோரு கோடு காலியாக இருக்கிறது, ஃபைல் பார்க்க வருகிறவர்கள் என்னைக் கேட்டால் எடுத்துக் காட்டுவேன் என்றேன். யார் என்னைக் கேட்கப்போகிறார்கள் என்று யோசிக்கவில்லை.

யாரும் கேட்கவில்லை. மேனேஜர் தானே உட்கார்ந்து, ரெண்டு விரலால் ‘ஹாஸ்’ அடித்து, சூப்பர்வைசரிடம் கையெழுத்து வாங்கி ஃபைலில் வைத்தார். மறுநாளே என்னைக் கடித மேசையிலிருந்து தூக்கி, தினசரிக் காலண்டர் தாளில் ராகுகாலம் எமகண்டம் சரிபார்க்கப் போட்டார்கள். நல்ல நேரம் பார்த்துப் பேசத் தெரியாதவனுக்கு ஏற்ற வேலை.

திங்கட்கிழமை வேன் விருதுநகரிலிருந்து கிளம்பியது. நானும் டிரைவரும்தான். அவர் கண்ணாடியில் பின் சீட்டுகளைப் பார்த்துப் பார்த்து ஓட்டினார். கேட்டில் வாட்ச்மேன் வழக்கம்போல, “மல்லாங்கிணறு வேன் வந்துருச்சு” என்று உள்ளே குரல் கொடுத்தார். ஆறு வருடத்தில் அன்றைக்குத்தான் அது இலக்கணப்படி சரி. வேன் மட்டும்தான் வந்திருந்தது.

பதினோரு பேரில் ஒருத்திகூட பஸ் ஏறவில்லை. அனுப்ப வேண்டிய காலண்டர் எல்லாம் தகரம் இல்லாமல் ஆள் உயரத்துக்கு அடுக்கிக் கிடந்தது. மேனேஜர் போன் போட்டால் எடுத்தவள் தன் பெயரைச் சொல்லி, “நான் சம்மதிக்கல சார்” என்று மட்டும் சொல்லி வைத்தாளாம். அடுத்தவளுக்குப் போட்டால் அவளும் தன் பெயரைச் சொல்லி அதையேதான் சொன்னாளாம். பதினோரு போன், பதினோரு பெயர். செவ்வாயும் அப்படியே போனது. புதன்கிழமை காலை ஆறே முக்காலுக்கு வேன் மல்லாங்கிணறு விலக்கில் நின்றது.

விருதுநகரில் நான் ஏறியபோது வண்டி நிறைய பேச்சும் பூவாசனையும். என் பங்கை யாராவது சொல்வார்கள் என்று கொஞ்ச தூரம் காத்திருந்தேன். சொல்லவில்லை. சூலக்கரை தாண்டியதும் நானே திரும்பி, சட்டைப்பையிலிருந்து அந்தத் தாளை எடுத்து, அன்றைக்கு நான் மட்டும் ‘ஹேவ்’ என்று மாற்றியிருக்காவிட்டால் என்று ஆரம்பித்தேன்.

அந்த வாய்க்காரி முடிக்க விடவில்லை.

“நாங்க வேலைக்கு வரலன்னுதான் வேன் வந்துச்சு அண்ணாச்சி. அடுத்த தடவை பேப்பரைத் திருத்துறதுக்கு முந்தி, வாசிங்க.”