கதீஜாவா, ஆயிஷாவா

என் தங்கைக்குப் பெயர் வைத்தவள் நான். வீட்டில் யாரைக் கேட்டாலும் வாப்பா வைத்தார் என்பார்கள். அவளைக் கேட்டாலும் அதையேதான் சொல்வாள். நம்பாதீர்கள்.

எட்டாம் மாதத்திலேயே அவசரப்பட்டு வந்துவிட்டாள் அவள். சூலியா தெருவில் எங்கள் மளிகைக் கடைக்கு மேல்மாடியில், பஞ்சு வைத்துச் சுற்றி, இருபுறமும் வெந்நீர்ப் புட்டி அணைத்துக் கிடத்தியிருந்தார்கள். பூனைக்குட்டிகூட அவளைவிடச் சத்தமாக அழும். மலாய் மருத்துவச்சி தினமும் வந்து பார்ப்பாள். குழந்தையின் நெஞ்சில் காதை வைத்துக் கேட்டுவிட்டு, தலையை ஆட்டியபடி போய்விடுவாள். ஏழாம் நாள் பெயர் வைக்க வேண்டும். வாப்பாவின் அக்கா, அதாவது எங்கள் மாமி, முதல் நாளே முடிவு செய்துவிட்டார்: கதீஜா. காலஞ்சென்ற அவர்கள் தாயாரின் பெயர்.

எனக்கோ அப்போது பெயர்களின் மேல் ஒரு பைத்தியம். மாமியின் மகன், என் மச்சான், ஆச்சே தெரு மதரஸாவில் அரபு படித்தான். ஒரு பொட்டலம் கச்சாங் பூத்தே வாங்கிக் கொடுத்தால், கடலையைக் கொறித்தபடி ஒரு பெயருக்கு அர்த்தம் சொல்வான். கரீம் என்றால் தாராளக்காரர் என்று அவன் சொன்ன அன்று எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. எங்கள் தெருக் கரீம் ஒரு கிராம்பைக்கூடச் சும்மா தரமாட்டார்.

கதீஜாவுக்கும் கேட்டேன்.

"குறைமாசத்துல பொறந்தவ," என்றான். "ஒட்டகம் நாள் நெறையறதுக்கு முன்னாடி குட்டி போட்டா அரபில ஒரு சொல் இருக்கு. அதுலேருந்து வந்த பேரு."

"பொய்!"

"பொய்யின்னா கடலையத் திருப்பிக் கேளு. வயித்துல இருக்கு லா."

எனக்குப் பகீரென்றது. குறைமாசக் குழந்தையை ஆயுசு முழுக்கக் குறைமாசமே என்று கூப்பிடுவதா? முடியவே முடியாது. எனக்குப் பிடித்த ஆயிஷாவுக்கு அர்த்தம் கேட்டேன். அதற்கு இன்னொரு பொட்டலம் ஆனது. "உசுரோட வாழறவ," என்றான். அந்த நிமிஷமே தீர்மானித்துவிட்டேன்.

மாமியிடம் போனேன். "கதீஜா நாயகி யாருன்னு தெரியுமாடி? நபியோட மனைவி. ஒட்டகம் ஒட்டகமாச் சரக்கு அனுப்பி வியாபாரம் பண்ணவங்க. குறைமாசமாம்! போ, போய் வாயக் கழுவு," என்றார். வாப்பாவிடம் போனேன். "மாமி சொன்னாச் சரிதான்," என்று தராசைப் பார்த்தபடி சொன்னார். பகல் சாப்பாட்டை மறுத்தேன். யாரும் கவனிக்கவில்லை, பசித்ததும் சாப்பிட்டுவிட்டேன். ஆனால் விடுவதாக இல்லை.

கடைசியாக உம்மாவிடம் போனேன். "உங்களுக்கு எந்தப் பேரு புடிக்கும்?"

உம்மா சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். "எது வச்சா என்ன? அந்தப் பேர நான் வாயால சொல்ல முடியுமா?"

மாமியார் பெயரை மருமகள் உச்சரிக்கக் கூடாது. எங்கள் வீட்டில் அது அவ்வளவு கண்டிப்பு. பக்கத்துத் தெருக் கதீஜா வந்தால்கூட உம்மா, "அந்தப் பேர்க்காரி வந்திருக்கா," என்றுதான் சொல்வார்.

ஒரே ஓட்டமாகப் படியிறங்கினேன். கடை நிறைய ஆட்கள்.

"வாப்பா! கதீஜான்னு வச்சா உம்மா புள்ளைய எப்படிக் கூப்பிடுவாங்க? 'ஏய்'ன்னா? 'இந்தா'ன்னா?"

வாடிக்கையாளர்கள் சிரித்தார்கள். "முதலாளி, மக வக்கீலாட்டம் பேசுதே!" என்றார் ஒருவர். வாப்பா சிரிக்கவில்லை. மல்லியை அள்ளிய கை அப்படியே நின்றது.

ஏழாம் நாள் ஆடு அறுத்தார்கள். குழந்தையின் காதில் பாங்கு சொன்ன லெப்பை பெயரைக் கேட்டபோது, வாப்பா மாமியின் முகத்தைப் பார்க்காமலே, "ஆயிஷா," என்றார். மாமி பிரியாணியைத் தொடவில்லை. அவர் பங்கையும் மச்சானே தின்றான்.

விருந்தாளிகள் போனதும் உம்மாவின் அறை வாசலில் போய் நின்றேன். தங்கையை மடியில் வைத்து, திரித்துணியைப் பாலில் நனைத்து அவள் உதட்டில் பிழிந்துகொண்டிருந்தார் உம்மா. ஒவ்வொரு சொட்டுக்கும் "ஆயிஷா... ஆயிஷா," என்றார். பிஞ்சு நெஞ்சு ஏறி இறங்கத் தாமதித்தால் குரலை உயர்த்திக் கூப்பிட்டார். அது அசைந்ததும் தணிந்த குரலில் தொடர்ந்தார். சாயங்காலம் வரை ஓயவில்லை.

எனக்குப் பெருமை தாங்கவில்லை. "நல்ல பேருல்ல உம்மா?" என்று கேட்டேன். அவர் திரும்பிப் பார்க்கவில்லை. நான் ஜெயித்துக் கொடுத்த பெயர் அவருக்கு அவ்வளவு பிடித்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு, மச்சானிடம் பீற்றிக்கொள்ள ஓடினேன். கூப்பிடுவதை நிறுத்த அவருக்குப் பயம் என்பது எனக்குத் தெரியவில்லை.